பள்ளி அலமாரியில் உள்ள அட்ரினலின் யாருக்கு? நான்கு சட்ட வழிகள்

கடும் ஒவ்வாமை தாக்கும்போது தொண்டை வீங்கி, இரத்த அழுத்தம் சரிந்து, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். அப்போது முதலில் தர வேண்டிய மருந்து அட்ரினலின்தான். ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது. ஆகவே இம்மருந்து குறித்த சட்டங்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தனக்கு ஒவ்வாமை இருப்பதையே அதுவரை அறியாத ஒரு பிள்ளை மூச்சுத் திணறி விழுந்தால், பக்கத்தில் நிற்பவர் கைக்கு மருந்து எட்டுமா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 13 வயது மாணவி ஒருவர் 2003-இல் பள்ளியில் ஒவ்வாமைக்கு ஆளாகி இறந்ததையடுத்து இயற்றப்பட்ட ‘சப்ரினா சட்டம்’ 2006 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வாமையை எதிர்கொள்ளும் திட்டத்தையும் ஊழியர் பயிற்சியையும் அது கட்டாயமாக்கியது. முன் ஒப்புதல் இல்லாவிட்டாலும் அவசரத்தில் ஊழியர் ஊசி போடலாம் என்றும், நல்லெண்ணத்தோடு செய்தவர்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்றும் தெளிவாகச் சொன்னது. ஆயினும் பொது இருப்பாக மருந்து வைக்கும்படி அது பள்ளிகளைப் பணிக்கவில்லை. துணிந்து செயல்பட ஒருவர் இருந்தும் அவர் கையில் மருந்து இல்லாமற்போகலாம்.

பிரிட்டனின் நிலை ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது. 2017 அக்டோபர் 1 முதல் பள்ளிகள் மருந்துச் சீட்டு இல்லாமலேயே உபரி ஊசிப்பேனாக்களை (அளவிட்ட அட்ரினலினைச் செலுத்தும் பேனா வடிவத் தானியங்கி ஊசிகளை) வாங்கி வைக்கலாம். ஆனால் 2017-இன் அந்த விதி அளித்தது அனுமதியே தவிரக் கடமையன்று. ஆபத்து உண்டென முன்பே அறியப்பட்டு, மருத்துவரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் பெற்ற மாணவருக்கே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று அப்போது வந்த வழிகாட்டுதல் கூறியது. உயிர்காக்கும் அவசரத்தில் எவரும் அட்ரினலின் ஊசி போடலாம் என்று அந்நாட்டு மருந்து விதிகளே ஏற்கும்போது, அலமாரியில் இருக்கும் பேனாவைப் பெயர்ப்பட்டியல் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே வழிகாட்டுதல், பேனாவைப் பூட்டி வைக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்குள் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்று சொன்னதை மட்டும் எல்லா நாடுகளும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 2013 நவம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் பள்ளிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. இருப்பு வைக்கச் சொல்லும் மாநிலங்களுக்கு ஆஸ்துமா நிதியுதவியில் முன்னுரிமை அளித்தது. அதற்கு முன்பே, 2012-இல், வர்ஜீனியா இருப்பைக் கட்டாயமாக்கிவிட்டது. கலிஃபோர்னியாவின் கட்டாயச் சட்டம் 2015-இல் நடைமுறைக்கு வந்தது. ஊசி போடும் பொறுப்பை அது செவிலியரிடமும் பயிற்சி பெற்ற தன்னார்வ ஊழியரிடமும் விட்டது. மருந்து ஒரு தனி மாணவரின் பெயரில் இல்லாமல் பள்ளியின் பெயரில் இருப்பதால், அதுவரை ஒவ்வாமை கண்டறியப்படாத பிள்ளைக்கும் அது கிடைக்கிறது. நான் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான். பேனாக்கள் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டுக்குள் காலாவதியாகிவிடுவதால் செலவு திரும்பத் திரும்ப வரும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் செலவை விருப்பத்துக்கு விட்டால், முதலில் கைவிடுவது வசதி குறைந்த பள்ளியாகத்தான் இருக்கும்.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மருந்தகத்தில் கேட்டால் சீட்டு இல்லாமலேயே பேனா கிடைக்கிறது. விலை கொடுக்க முடிந்தவருக்கு அது நல்ல வழிதான். இருப்பு வைக்கும் கடமைக்கு அது மாற்றாகாது.

பயிற்சி இல்லாதவர் தவறு செய்துவிடுவார் என்ற தயக்கத்தை எல்லா நாடுகளிலும் கேட்கிறோம். எபிபென் என்ற வகைப் பேனாவில் நீல மூடியை இழுத்து எடுத்துவிட்டு, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்கத்தில், உடைக்கு மேலாகவே, ‘கிளிக்’ என்ற ஒலி வரும்வரை அழுத்தி மூன்று நொடி பிடித்திருந்தால் போதும். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் மூக்கில் பீய்ச்சும் அட்ரினலினுக்கும் ஒப்புதல் கிடைத்தது. அதில் ஊசியே இல்லை. ‘தானியங்கி ஊசி’ என்று மட்டும் எழுதி வைத்திருந்த மாநிலங்கள் அதையும் சேர்க்கத் தங்கள் சட்டங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. இனி சட்டம் எழுதுவோர் கருவியைக் குறிப்பிடாமல், எந்த வடிவிலான அட்ரினலினும் பொருந்தும் என்று முதலிலேயே எழுதிவிடலாம்.