மருந்துக்கு அடங்காத கிருமி: மூன்று வழிகளில் எது ஆபத்து?

பாக்டீரியா இரண்டாகப் பிளந்தால் பிள்ளைக்கு மருந்தை முறிக்கும் ஜீன் போவதில் ஆச்சரியமில்லை. பக்கத்தில் கிடக்கும் அந்நியனுக்கும் கொடுக்கிறதே, அதற்குத்தான் மூன்று வழிகள்.

டிரான்ஸ்ஃபர்மேஷன் என்பது செத்த செல் சிந்திய டிஎன்ஏவை இன்னொன்று பொறுக்கிக்கொள்வது. 1928இல் கிரிஃபித் என்ற ஆய்வாளர், சூட்டில் கொன்ற நிமோனியா கிருமியையும் உயிருள்ள சாதுக் கிருமியையும் கலந்து ஊசி போட்டார். எலி செத்ததற்கு இதுதான் காரணம். ஆனால் வெளியே கிடக்கும் டிஎன்ஏவை நொதிகள் நறுக்கிவிடும். டிரான்ஸ்டக்ஷனில் அந்தப் பயம் இல்லை, சரக்கு, பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் என்ற வைரஸின் தலைக்குள் பத்திரமாகப் போகிறது. என்ன, தலை கொள்ளும் அளவுதான் ஏற்ற முடியும். அந்த பேஜ் ஒட்டிக்கொள்ளும் வகைச் செல்லும் எதிரே அகப்பட வேண்டும்.

மூன்றாவது வழி கான்ஜுகேஷன், ஒரு செல் இன்னொன்றுக்கு நேராகவே கொடுப்பது. அதற்கோ இரண்டு செல்லும் தொட்டாக வேண்டும். 1950இல் டேவிஸ் என்ற ஆய்வாளர் U வடிவக் குழாயின் அடியில் செல் நுழைய முடியாத வடிகட்டி வைத்து, குழாயின் இரு பக்கமும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் இரண்டு ரகத்தை விட்டார். திரவத்தை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தும் ஜீன் தாண்டவில்லை. அதே மாதிரி குழாயில் வேறு ஆய்வாளர்கள் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவை வைத்தபோது ஜீன் தாண்டியது. வடிகட்டிக்குள் நுழைந்து போனது பேஜ்! 1952இல் டிரான்ஸ்டக்ஷன் பிடிபட்டது அப்படித்தான்.

தொட வேண்டும் என்பது பலவீனம் மாதிரி தெரியும். எனக்கு அதுதான் பலமாகப் படுகிறது. கொடுக்கும் செல் பைலஸ் என்ற இழையை நீட்டி, எதிராளியை இழுத்து ஒட்டவைக்கிறது. பிளாஸ்மிட் என்பது செல்லுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம், அதன் இரு இழைகளில் ஒன்று மட்டும் அறுந்து அங்கே போகிறது. இரண்டு பக்கமும் மறு இழை கட்டிக்கொள்கின்றன. கொடுத்தவனுக்கு நஷ்டம் இல்லை, வாங்கியவனும் இனி கொடுப்பவன். ஈ.கோலையின் F என்ற பிளாஸ்மிட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் இருக்கின்றன. அந்த அளவு பிளாஸ்மிட்டில் நாலைந்து மருந்துகளை முறிக்கும் ஜீன்கள் சேர்ந்தே சவாரி செய்யலாம். ஜப்பானில் வயிற்றுக்கடுப்புக் கிருமியான ஷிகெல்லா நான்கு மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் அடங்காமல் போனது இப்படித்தான்.

அப்புறம் நம் ஊர் கதை. கடைசிக் கட்ட ஆண்டிபயாடிக்கான கார்பாபெனெமை முறிக்கும் என்டிஎம்-1 ஜீனைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வந்தது. ஹரியானாவில் எடுத்த கிளெப்சியெல்லா கிருமிகள் ஒரே வம்சம். அவற்றின் பிளாஸ்மிட்கள் இன்னொரு செல்லுக்குத் தாவவில்லை. சென்னையில் எடுத்தவை பல வம்சம். அங்கே பிளாஸ்மிட்கள் சுலபமாகத் தாவின.