கிப்ட் திலேப்பியா என்று சொல்லி டேம் ஜிலேபியை விற்றார்கள்

காரிமங்கலம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். போர் தண்ணீர் தக்காளிக்கே போதாது. அதனால் குறைந்த தண்ணீரில் மீன் என்றதும் மனம் இளகிவிட்டது. போன வருடம் தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். கட்டணம் 1,500 ரூபாய், மதியம் பிரியாணி. பயோபிளாக் என்று தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து மீன் வளர்க்கும் முறை, அதில் தீவனமே வேண்டாம், ஒரு தொட்டியில் ஆறு மாதத்தில் 500 கிலோ வரும், மீனை நாங்களே விலைக்கு எடுத்துக்கொள்வோம் என்றார்கள். நாலு மீட்டர் அகல வட்டத் தார்ப்பாய்த் தொட்டியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் 12,500 லிட்டர்தான் பிடிக்கும். அப்படியென்றால் 25 லிட்டருக்கு ஒரு கிலோ மீன்! இந்தக் கணக்கை மண்டபத்திலேயே போட்டிருக்கலாம். பிரியாணி நன்றாக இருந்தது.

நாலு தொட்டி, காற்று மோட்டார், கிப்ட் என்னும் வேகமாக வளரும் மேம்படுத்திய திலேப்பியா ரகம் என்று சொல்லிக் கொடுத்த குஞ்சு, பெயர் ஒட்டாத பாக்கெட்டில் ஒரு பொடி, எல்லாம் சேர்த்து 2,80,000 ரூபாய். மானியம் வாங்கித் தர என்று தனியாக 15,000. நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தேன்.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்லவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாதான் மீனுக்கு விஷம். வெல்லமோ மரவள்ளி மாவோ கரைத்து ஊற்றி, காற்றும் கொடுத்தால் பாக்டீரியா பெருகி அந்த அமோனியாவை இழுத்துக்கொண்டு பொடிப்பொடித் திரளாகச் சேரும். திலேப்பியா அதையும் மேயும். தீவனச் செலவு குறையும், தீவனமே இல்லாமல் ஆகாது. அந்தத் திரள் கட்டவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அவர்களுடைய ஏஜென்ட் மூன்றாம் நாளே குஞ்சை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

தினமும் தொட்டிக்கு ஒரு கிலோ வெல்லம் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அமோனியா இருந்தால் அந்தத் தொட்டிக்கு 200 கிராம் வெல்லம் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. அமோனியா பார்க்கும் கிட்டை அவர் கண்ணில் காட்டவே இல்லை. வெல்லம் கூடினால் பாக்டீரியாவும் கூடும், அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு விடும். இன்வெர்ட்டர் வேண்டுமா என்று கேட்டதற்கு, ‘அதெல்லாம் வீண் செலவுண்ணா’ என்றிருந்தார். இருபத்தோராம் நாள் ராத்திரி ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. விடிவதற்குள் இரண்டு தொட்டி மீன் வெள்ளையாக மிதந்தது.

போன் பண்ணினால், ‘உங்க தண்ணி சரியில்லண்ணா’ என்றார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. எங்கள் போர் தண்ணீரில் பி.எச். அதிகம், அதாவது காரத்தன்மை கூடுதல், அப்படிப்பட்ட தண்ணீரில் அமோனியாவின் விஷமும் ஏறும். ஆனால் பணம் வாங்குமுன் தண்ணீரைச் சோதித்திருக்க வேண்டியது அவர்தானே?

மிச்சம் இரண்டு தொட்டி. மூன்றாம் மாதம் பொடிக்குஞ்சுகள் நீந்துவதைப் பார்த்து, பெருகுதே என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிச் சந்தோஷப்பட்டேன். முட்டாள்தனம். ஆண் குஞ்சு மட்டும் என்று சொல்லித்தானே விற்றார்கள்? குஞ்சு பொரித்துப் பெருக ஆரம்பித்தால் மீன் பெரிதாக வளராது. ஐந்தாம் மாதமும் மீன் உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. ஏஜென்ட் போன் ஸ்விட்ச் ஆஃப். மீனை வாரிக்கொண்டு கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேம் வறுவல் கடைகளுக்குப் போனேன். ஒரு அக்கா ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘இது நம்ம டேமு ஜிலேபி தானேண்ணா, இதையா தொட்டி கட்டி வளத்தீங்க?’ என்றார். டேமில் தானாகப் பெருகும் சாதாரண திலேப்பியாவைத்தான் ஜிலேபி என்பார்கள். கிப்ட் என்றால் வாலில் செங்குத்தாகக் கோடு கோடாக இருக்கும். என் மீனில் ஒன்றுகூட இல்லை. கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போச்சம்பள்ளிப் பக்கம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமே இருக்கிறது. அங்கே போய்க் கேட்காமல் மண்டபத்துக்குப் போனேன். மானியமும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நாமே மனு கொடுத்து வாங்குவதுதான். 2020-இல் வந்த பிரதமர் மீன்வளத் திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60. எனக்கும் 60 என்று ஏஜென்ட் சொன்னபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது அதே ஆட்கள் வேறு பெயரில் அரூர் பக்கம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதில் தொட்டி நிறைய மீன் துள்ளும் படம். ஓரத்தில் கைப்பிடி உடைந்த நீல வாளி தெரிந்தால், அது என் தொட்டி. படம் எடுத்த ஒன்பதாம் நாள்தான் அந்த மீனெல்லாம் செத்தது.