வீட்டுக் கணினிக்கு பாஸ்வேர்டு வேண்டாமா? காலி பாஸ்வேர்டு, ஆட்டோ லாகின், பின் எண்: ஒரு ஒப்பீடு

பலர் சேர்ந்து பயன்படுத்தும் வீட்டுக் கணினியில் பாஸ்வேர்டு ஒரு தொல்லைதான். வயதானவர்கள் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று தடுமாறுகிறார்கள். கேப்ஸ் லாக் விளக்கு எரிவது யார் கண்ணிலும் படுவதில்லை. ஸ்லீப்பில் இருக்கும் கணினியை எழுப்பும்போதெல்லாம் மறுபடி அதே பெட்டி. "இதை எடுத்துவிட்டால்தான் என்ன?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நியாயமான கேள்விதான். அதனால் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பாஸ்வேர்டை எடுக்கவில்லை. பின் எண் வைத்துவிட்டு, எழுப்பும்போது கேட்பதை மட்டும் நிறுத்தினேன். வீட்டில் புகாரும் நின்றது.

விண்டோஸில் மூன்று வழிகள். ஒன்று, பாஸ்வேர்டைக் காலியாக விடுவது. இரண்டு, பாஸ்வேர்டு இருக்கும், ஆனால் கணினியே அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடும். இதுதான் ஆட்டோ லாகின். மூன்று, பாஸ்வேர்டின் இடத்தில் பின் எண்ணோ கைரேகையோ முகமோ வைப்பது. முதல் இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பட்டனை அழுத்தினால் நேராக டெஸ்க்டாப் வந்து நிற்கும். அதனால்தான் பலர் இரண்டையும் ஒன்று என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு.

காலி பாஸ்வேர்டு இருப்பதிலேயே சுலபம். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பாஸ்வேர்டை மாற்றும் பக்கத்துக்குப் போய், பழையதைப் போட்டுவிட்டு புதியதற்கான இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டால் முடிந்தது. லோக்கல் அக்கவுண்டாக, அதாவது அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் கணக்காக இருந்தால் மட்டுமே இது நடக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் முதலில் லோக்கலுக்கு மாற வேண்டும், ஏனென்றால் அந்தக் கணக்குக்குக் காலி பாஸ்வேர்டு வைக்க முடியாது.

பாஸ்வேர்டு இல்லையென்றால் இணையம் வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடுவார்கள் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. விண்டோஸ் இதை யோசித்தே வைத்திருக்கிறது. காலி பாஸ்வேர்டு உள்ள லோக்கல் கணக்கில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து மட்டும்தான் நுழையலாம். நெட்வொர்க் வழியாகவோ ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவோ நுழைய முடியாது. எக்ஸ்பி காலத்திலிருந்து இந்த விதி இருக்கிறது, மாற்றாதவரை அமலில்தான் இருக்கும். அதன் மறுபக்கமும் உண்டு. இன்னொரு கணினியிலிருந்து பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்கப் போனால், அந்தக் கணக்கின் பெயரைக் கொடுத்து நுழைய முடியாது. ஃபைல் பகிர்வு நடக்கும் வீட்டில் காலி பாஸ்வேர்டு இந்த இடத்திலேயே சறுக்குகிறது.

ஆட்டோ லாகினுக்கு விண்டோஸ் கீயோடு ஆர் தட்டி, ரன் பெட்டியில் என்-இ-டி-பி-எல்-டபிள்யூ-ஐ-இசட் என்று சேர்த்து அடித்தால் ஒரு சின்ன விண்டோ வரும். "பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தே நுழைய வேண்டும்" என்ற பொருளில் மேலே ஒரு டிக் இருக்கும். அதை எடுத்து, பாஸ்வேர்டை ஒருமுறை கொடுத்தால் போதும். அந்த டிக் பெட்டியே காணோம் என்றால் பயப்பட வேண்டாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், விண்டோஸ் ஹலோ (பின் எண், கைரேகை, முகம் வைத்து நுழையும் வசதி) மூலம் மட்டுமே நுழைய அனுமதிக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தால் பெட்டி இருக்கும்.

சில இடங்களில் விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து டீஃபால்ட் பாஸ்வேர்டு என்ற பெயரில் பாஸ்வேர்டைக் கையால் எழுதச் சொல்லித் தருகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அது அப்படியே படிக்கக்கூடிய எழுத்தாக அங்கே உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன முறையிலும், மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோலாகன் என்ற கருவியிலும் அது குறியாக்கம் செய்துதான் சேமிக்கப்படுகிறது. அதற்காக உடைக்கவே முடியாத பெட்டகம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அட்மின் உரிமை கிடைத்த எந்த நிரலும் அதை வெளியே எடுத்துவிடும்.

ஆட்டோ லாகின் கணினியை ஆன் செய்யும்போது மட்டும்தான் வேலை செய்யும். ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். "எடுத்துவிட்டேன், இன்னும் கேட்கிறதே" என்று பலர் குழம்புவது இதனால்தான். அதற்கான அமைப்பு தனி, கீழே வருகிறேன்.

சரி, இப்போது என் முடிவைத் தீர்மானித்த விஷயம். லாகின் பாஸ்வேர்டு உண்மையில் எதைக் காக்கிறது?

ஃபைல்களை என்றுதான் முதலில் தோன்றும். டிஸ்க் குறியாக்கம் செய்யப்படாத கணினியில் அது உண்மை இல்லை. லினக்ஸ் போட்ட ஒரு யூஎஸ்பியை மாட்டி பூட் செய்தால், விண்டோஸ் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அப்படியே. அப்படியானால் பாஸ்வேர்டு எதற்கு என்று ஒருவர் கேட்டால், ஃபைல்களை மட்டும் வைத்துப் பேசும்வரை அவர் பக்கம்தான் நியாயம்.

ஆனால் இன்று வீட்டுக் கணினியில் விலைமதிப்பானது பெரும்பாலும் பிரவுசருக்குள் இருக்கிறது. மெயில் எப்போதும் திறந்தே கிடக்கிறது. அந்த மெயில் கையில் இருந்தால் மற்ற பல கணக்குகளில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று கொடுத்து, வரும் இணைப்பைத் தட்டிப் புதிதாக வைத்துவிடலாம். மெயில் ஒன்று போனால் அதன் பின்னால் வரிசையாகப் பலதும் போகும். விண்டோஸ் 95-இல் லாகின் பெட்டி வந்தால் எஸ்கேப் தட்டினாலே உள்ளே போய்விடலாம். யாருக்கும் அது பெரிய குறையாகப் படவில்லை. அன்று வங்கிக் கணக்கும் மெயிலும் இப்படி பிரவுசரில் குடியேறியிருக்கவில்லை.

இதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் பக்கத்தைத் திறந்து, ஏதாவது ஒரு தளத்தைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் புள்ளிகள் தெரியும், பக்கத்தில் கண் போல ஒரு குறி இருக்கும். பின் எண்ணோ பாஸ்வேர்டோ உள்ள விண்டோஸ் கணக்கில் அந்தக் கண்ணைத் தட்டினால், விண்டோஸ் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து "நீங்கள்தானா?" என்று கேட்கும். எண்ணைப் போட்டால்தான் புள்ளிகள் எழுத்தாகும். பாஸ்வேர்டு காலியாக உள்ள கணக்கில் அதே கண்ணைத் தட்டுங்கள். எதுவும் கேட்காது. எழுத்து அப்படியே தெரியும். கேட்பதற்கு அங்கே பாஸ்வேர்டு என்று ஒன்று இல்லையே! வீட்டுக்கு வந்தவர் யாராவது "ஒரு பிரின்ட் எடுத்துக்கொள்ளட்டுமா" என்று உட்கார்ந்தால், எழுந்து போவதற்குள் நீங்கள் சேர்த்து வைத்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட முடியும்.

காலி பாஸ்வேர்டு என் பட்டியலிலிருந்து விழுந்தது இந்த இடத்தில்தான். ஆட்டோ லாகினில் அந்தக் கண் கேட்கத்தான் செய்யும், அந்த அளவுக்கு அது மேல். ஆனாலும் திறந்து கிடக்கும் மெயில் திறந்துதான் கிடக்கும். ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துபவர்கள் அதிலேயே பிரைமரி பாஸ்வேர்டு என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். சேமித்தவற்றுக்கு அது நல்ல பூட்டு. மெயிலுக்கு அதுவும் உதவாது.

டிஸ்க் குறியாக்கமும் இதோடு சேர்ந்தே வருகிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது. சாவி டிபிஎம் என்ற சிப்பில் இருக்கும். ஆன் செய்ததும் அந்தச் சிப்பே டிஸ்க்கைத் திறந்துவிடும். டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போனவருக்கு ஒன்றும் கிடைக்காது. கணினியை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனவருக்குக் குறுக்கே நிற்பது லாகின் திரை ஒன்றுதான். ஆட்டோ லாகின் போட்டால் அதையும் நாமே எடுத்துவிடுகிறோம்; அவர் பவர் பட்டனை அழுத்தினால் போதும். மேக்கில் ஃபைல்வால்ட் என்ற டிஸ்க் குறியாக்கத்தை ஆன் செய்திருந்தால் ஆட்டோ லாகின் வைக்கவே விடமாட்டார்கள். இதே காரணம்தான்.

ஆட்டோ லாகினில் இன்னொரு தலைவலி, மறதி. யாரும் தட்டாத பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில் இருக்காது. என்றாவது ஒருநாள் கணினி அதைக் கேட்டே தீரும். லோக்கல் கணக்காக இருந்தால் இன்னொரு அட்மின் கணக்கிலிருந்து வலுக்கட்டாயமாக மாற்றலாம்தான். ஆனால் விண்டோஸ் சில ரகசியங்களைப் பழைய பாஸ்வேர்டோடு பிணைத்துப் பூட்டி வைத்திருக்கிறது. பழையதைக் கொடுத்து முறையாக மாற்றினால் அவையும் கூடவே வரும். வலுக்கட்டாயமாக மாற்றினால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும், விண்டோஸிலேயே குறியாக்கம் செய்து வைத்த ஃபைல்களும் திறக்காமல் போகலாம். ஆட்டோ லாகின்தான் வேண்டும் என்பவர்கள் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிப் பத்திரமான இடத்தில் வைத்துவிடுங்கள். பின் எண்ணுக்கும் இந்த மறதி பொருந்தும், மறுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால் ஆன்லைனில் மீட்டுக்கொள்ளும் வழியாவது இருக்கிறது.

அப்புறம், பின் எண். நான்கே இலக்கம் போதும், விருப்பப்பட்டால் கூட்டிக்கொள்ளலாம். கடைசி இலக்கம் விழுந்ததும் என்டர் தட்டாமலே திறந்துவிடும். கேப்ஸ் லாக் பிரச்சினை இல்லை. எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு இது உடனே பழகிவிட்டது. ஃபோனில் ஏற்கனவே செய்வதுதானே.

நான்கு இலக்கம் எப்படிப் பாதுகாப்பாகும் என்று கேட்பார்கள். இரண்டு காரணங்கள். அந்த எண் அந்தக் கணினிக்கு மட்டும்தான். யாராவது தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டாலும், வேறு இடத்திலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் அதை வைத்து நுழைய முடியாது. பாஸ்வேர்டைப் பார்த்திருந்தால் நுழைய முயலலாம். இரண்டாவது, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்க முடியாது. சில தடவை தவறினால் ஏ1பி2சி3 என்று ஆங்கில எழுத்தில் தட்டச் சொல்லும். கைதவறிக் கீ அழுந்தியதா, ஆள் முயல்கிறாரா என்று பார்க்கத்தான். மேலும் தவறினால் கணினியை ரீஸ்டார்ட் செய்தால்தான் அடுத்த வாய்ப்பு. அதோடு டிபிஎம் சிப் தானும் தடுக்கும். பிறந்த வருடத்தை மட்டும் எண்ணாக வைக்காதீர்கள், வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

இன்னொரு ஆதாயம், பாஸ்கீ. பாஸ்வேர்டைத் தட்டாமல், கணினியில் சேமித்த ஒரு ரகசியச் சாவியை வைத்தே தளத்துக்குள் நுழையும் முறை இது. இப்போது பல தளங்கள் பாஸ்வேர்டுக்குப் பதில் இதைக் கேட்கின்றன. விண்டோஸிலேயே பாஸ்கீயைச் சேமிக்க விண்டோஸ் ஹலோ வேண்டும், ஹலோவுக்குப் பின் எண் அடிப்படை.

கைரேகையும் முகமும் இதைவிட வேகம். டெஸ்க்டாப்பில் அவற்றுக்குத் தனியாக ரீடரோ அகச்சிவப்புக் கேமராவோ வாங்க வேண்டியிருக்கும். கைரேகையை நான் லேப்டாப்பில் மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறேன், ஈரக் கையோடு வைத்தால் பல நேரம் எடுக்கவில்லை. முகத்தைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை.

எழுப்பும்போது கேட்பதை நிறுத்த, அதே சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் கீழே, "விலகிப் போயிருந்தால் எப்போது மறுபடி நுழையச் சொல்ல வேண்டும்" என்ற கேள்வி இருக்கும். அதை "நெவர்" என்று வைத்தால் கணினியை ஆன் செய்யும்போது மட்டும் பின் எண் கேட்கும், அதன்பின் நாள் முழுக்கக் கேட்காது. வெளியாள் வருகிறார் என்றால் விண்டோஸ் கீயோடு எல் தட்டிவிட்டால் உடனே பூட்டிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில்தான் எங்கள் டெஸ்க்டாப் ஓடுகிறது.

காலி பாஸ்வேர்டுக்கு ஒரே ஒரு இடம் ஒதுக்குவேன். பிள்ளைகளும் விருந்தினரும் பயன்படுத்த அட்மின் உரிமை இல்லாத பொதுக் கணக்கு ஒன்று, அதில் யாருடைய மெயிலும் திறந்திருக்காது. அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை, பூட்டவும் வேண்டாம். மற்ற கணக்குகளுக்கு, முக்கியமாக அட்மின் கணக்குக்கு, பின் எண் இருந்தாக வேண்டும். ஆட்டோ லாகினையும் அதேபோல டிவியோடு இணைத்துப் படம் பார்க்க மட்டும் வைத்த கணினிக்கு என்றால் தாராளமாகப் போடலாம்.

லினக்ஸிலும் ஆட்டோ லாகின் ஒரே சுவிட்ச்தான். ஆனால் அதில் நோம் என்ற டெஸ்க்டாப் சூழலில் உள்ளே போனபிறகு, பிரவுசரைத் திறந்ததும் "கீரிங் பூட்டியிருக்கிறது" என்று பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். கீரிங் என்பது சேமித்த ரகசியங்களைப் பூட்டி வைக்கும் இடம்; லாகினில் நாம் தட்டும் பாஸ்வேர்டுதான் வழக்கமாக அதைத் திறக்கும். தட்டவில்லையென்றால் அது பூட்டியே இருக்கும். வாசலில் மிச்சம் பிடித்ததை உள்ளே கொடுக்க வேண்டியதாகிறது. கீரிங்குக்குக் காலி பாஸ்வேர்டு வைத்து அதையும் நிறுத்தலாம், ஆனால் அப்போது சேமித்த ரகசியங்கள் குறியாக்கம் இல்லாமல் டிஸ்க்கில் கிடக்கும்.

லேப்டாப்பில் மட்டும் "நெவர்" வைக்க வேண்டாம். அது பையில் ஏறி வெளியே போகும் பொருள், பலரும் ஷட் டவுன் செய்யாமல் மூடியை மட்டும் மூடிவிட்டுக் கிளம்புகிறார்கள். மூடியைத் திறந்ததும் பின் எண் கேட்கும்படியே இருக்கட்டும்.