தண்டையார்பேட்டையில் ஒரு பிளேஸ்டேஷன் 5

எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பத்து. 4.5 கிலோ எடையுள்ள இந்த சோனி கேம் கன்சோலுக்கு டிவி பக்கத்தில் இடமில்லை. அம்மாவின் தையல் மெஷின் மேல் நிற்கிறது.

ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலஸ் கேம் போட்டேன். படத்தின் அழகுக்கு முதலிடம் தரும் ஃபிடெலிட்டி முறையில் கட்டடக் கண்ணாடியில் எதிர்த் தெரு அப்படியே தெரிகிறது. அழகுதான், ஆனால் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம்தான். ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்கிட்டு இந்தப் பிரதிபலிப்பை வரையும் ரே டிரேசிங்கை விட்டுவிட்டால் 60. 2020 டிசம்பர் அப்டேட்டில் ரே டிரேசிங்கும் 60 ஃபிரேமும் சேர்ந்து வந்தது. பதிலுக்குப் படத்தின் தெளிவும் தெருவில் நடக்கும் ஜனமும் குறைகிறது. தீபாவளிக்கு மறுநாள் எங்கள் பக்கத்துத் துணிக்கடைத் தெரு எம்.சி. ரோடு மாதிரி!

ஏன் இந்தப் பேரம்? உள்ளே இருப்பது சிப் கம்பெனி ஏ.எம்.டி.யின் ஆர்டிஎன்ஏ 2 வடிவமைப்பு வழி வந்த ஜிபியு, அதாவது படம் வரையும் சிப். அதில் 36 கம்ப்யூட் யூனிட், கணக்குப் போடும் பகுதிகள். கேமில் எல்லாப் பொருளும் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது; அவற்றைக் கற்பனைப் பெட்டிகளுக்குள் பிரித்து வைத்திருப்பார்கள். ஒளிக்கதிர் எந்த முக்கோணத்தில் படுகிறது என்று பார்க்கத் தனி மின்சுற்று உண்டு. ஆனால் அடுத்து எந்தப் பெட்டிக்குள் தேடுவது என்று வழி பார்க்கும் வேலை, நிறம் பூசும் ஷேடர்கள் என்ற அதே பகுதிகள் தலையில்தான் விழுகிறது. போட்டிக் கம்பெனி என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் அதற்கும் தனி வன்பொருள் இருக்கிறது. அப்படி வைத்தால் சிப்பில் இடம் போகும், விலை ஏறும். கன்சோலுக்கு இந்தக் கஞ்சத்தனம் சரி என்றே எனக்குப் படுகிறது.

அப்புறம், தூசி. துறைமுக லாரிப் புழுதி எங்கள் ஜன்னலை விடுவதில்லை. பக்க மூடியைக் கழற்றினால் தூசி சேரும் இரண்டு குழிகள். வாக்குவம் வைத்து இழுத்துவிடலாம். இதை யோசித்தவருக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.

அக்கா பையன் 60-லேயே வைத்திருக்கிறான். அவன் ஸ்கூலுக்குக் கிளம்பியதும் நான் 30-க்கு மாற்றிக்கொள்கிறேன்.