‘வருது’ என்றால் ‘வரட்டும்’: பாளையங்கோட்டையில் ஒரு சொத்தைப் பல்

பையனுக்கு ஒன்பது வயது, டூரெட் இருக்கிறது, அதாவது தன்னையறியாமல் உடம்பு வெட்டுவதும் சத்தம் வருவதுமான ஒரு நரம்புக் கோளாறு. தலையை வலப்பக்கம் வெட்டுவான், கண்ணை இறுக்கிச் சிமிட்டுவான், நடுநடுவே தொண்டையில் ஒரு கனைப்பு. வலிப்பும் இல்லை, திருஷ்டியும் இல்லை (இந்த லீவில் இதை எத்தனை சொந்தக்காரர்களுக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை). பாளையங்கோட்டைக்கு வந்த நாலாம் நாள் அல்வா தின்றான், கீழ்க்கடைவாய்ப் பால்பல்லில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது.

நாங்கள் இருக்கும் இங்கிலாந்து ரெடிங்கில் 18 வயதுவரை பல் வைத்தியம் இலவசம்தான். ஆனால் அங்கே பல் டாக்டர் இவன் தலை வெட்டுவதைப் பார்த்ததுமே எடுத்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் பிரிவுக்குக் கடிதம் போட்டுவிட்டார். ஏழு மாதமாகக் காத்திருக்கிறோம்.

இங்கே முதலில் போனது பேர் போன இடம். டோக்கன் 14, வாசலில் செருப்புக் குவியல், டிவியில் சீரியல், எல்லாம் பழையபடிதான். உள்ளே போனதும் டாக்டர் “ஆடாத தம்பி” என்றார். அப்புறம் “ஆடாதன்னு சொன்னேன்ல”. மூன்றாவது தடவை என்னைப் பார்த்து, “செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க”. தும்மலை அடக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் அடக்கலாம், அவ்வளவுதான். அதையே சொல்லிக்கொண்டிருந்தால் இன்னும் அதிகமாகும், ஆனது. மயக்கம் கொடுத்தால்தான் முடியும் என்று அனுப்பிவிட்டார். படியிறங்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

மதினிதான் இன்னொரு இடம் சொன்னாள். அரிசிக் கடைக்கு மேல் மாடி, ஒரே நாற்காலி. அந்த டாக்டர் அம்மா வாயைத் திற என்றே சொல்லவில்லை. தாடை இழுக்குமா, வரப்போவது அவனுக்கு முன்னாடியே தெரியுமா, என்ன மாத்திரை என்று கேட்டார். குளோனிடின் என்றேன். “அப்ப வாய் வறளுமே, எச்சில் குறைஞ்சா சொத்தை சீக்கிரம் விழும்மா, தண்ணி குடிக்கச் சொல்லுங்க” என்றார். ரெடிங்கில் இதை ஒருத்தரும் சொன்னதில்லை.

அப்புறம் அவனிடம், “வர்ற மாதிரி இருந்தா கையத் தூக்கி ‘வருது’ன்னு சொல்லு ராசா”. இவனுக்குத் தெரிந்த தமிழே இட்லி, போதும், ஆச்சி, அவ்வளவுதான். பல்லுக்கு நடுவில் ரப்பர் கட்டையை வைத்த பிறகு ‘வருது’ என்பது ‘அவுவு’ என்று வந்தது. ஆனால் கை உயர்ந்ததும் அந்த அம்மா கருவியை முழுசாக வெளியே எடுத்து, பின்னால் சாய்ந்து, “வரட்டும்” என்பார். தலை வெட்டும், ஒரு கனைப்பு, முடிந்ததும் மறுபடி குனிவார். பதினொரு தடவை எண்ணினேன். ஒரு தடவைகூட “ச்” கொட்டவில்லை. கடைசிப் பத்து நிமிஷத்தில் இரண்டே தடவைதான் கை உயர்ந்தது.

பாதியில் கரண்ட் போய்விட்டது. பழைய ஊர்தான். ஃபேன் நின்றுவிட்டது, நான் ஃபோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன், அவர் பாட்டுக்குச் சின்னக் கரண்டி மாதிரி ஒரு கருவியால் சொத்தையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். டிரில் இல்லை, ஊசி இல்லை, சுரண்டிய பள்ளத்தில் பல் சிமெண்டைக் குழைத்து அடைத்தார், அவ்வளவுதான். கரண்ட் இல்லாத ஊர்களுக்காகவே 1980களில் தான்சானியாவில் ஆரம்பித்த முறையாம் இது. எங்கள் தெருவுக்கு என்ன பொருத்தம் பாருங்கள்! முப்பத்தைந்து நிமிஷம், அறுநூறு ரூபாய், ரசீது கேட்டால் சீட்டில் எழுதித் தந்தார்.

இப்போது வீட்டில் இவன் “வருது” என்று கத்துகிறான், அடுப்படியிலிருந்து ஆச்சி “வரட்டும்யா” என்கிறாள்.

நேற்று ரெடிங் பக்கத்து வீட்டுக்காரி கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். தேதி கிடைத்துவிட்டதாம், வருகிற செவ்வாய் காலை ஒன்பதே கால். நாங்கள் ரெடிங் திரும்புவதே அதற்கு அடுத்த ஞாயிறு. தேதியை மாற்றச் சொல்லிக் கூப்பிட்டேன், இருபது நிமிஷம் பியானோ கேட்டேன், அப்புறம் லைன் கட்.