ஜீன் டெஸ்ட் டயட்டா, சோறு குறைத்த சாப்பாடா? எங்கள் வீட்டில் எது நிலைத்தது

போன வருடம் தண்டையார்பேட்டை வீட்டில் நானும் அக்காவும் எடை குறைக்க இறங்கினோம். அக்கா குழாயில் எச்சில் துப்பி அனுப்பி, எட்டாயிரம் ரூபாய் ஜீன் டெஸ்ட் சொன்னபடி கொழுப்பு குறைந்த சாப்பாட்டுக்குப் போனாள். நான் டெஸ்ட் எடுக்கவில்லை. சோறு, இட்லியைக் குறைத்து மீன், முட்டை, காயைக் கூட்டினேன். 14 மாதத்தில் 9 கிலோ குறைந்தேன். அக்கா ஐந்தாம் மாதமே விட்டுவிட்டாள். அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

சர்க்கரை, மைதா, பாக்கெட் தீனி இரண்டுக்குமே ஆகாது. அது தெரிந்ததுதான்.

ஜீனுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990இல் வந்த ஓர் ஆய்வில் 12 ஜோடி ஒத்த இரட்டையருக்கு 84 நாள் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். சிலருக்கு 4 கிலோ, சிலருக்கு 13 கிலோ ஏறியது. ஒரே ஜோடிக்குள் இருந்த வித்தியாசம், ஜோடிகளுக்கு இடையே இருந்ததைவிடக் குறைவு. ஆனால் எந்த டயட் யாருக்கு என்று ஜீன் சொல்லுமா? 2018இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 609 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இழந்தார்கள். பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. மூன்று ஜீன்களை வைத்துப் பிரித்தும் பார்த்தார்கள். தன் ஜீனுக்குப் 'பொருந்திய' டயட் கிடைத்தவர் அதனால் கூடுதலாக இளைக்கவில்லை.

அக்காவை உடைத்தது ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் இருந்த எஃப்டிஓ, அதாவது உடல் எடையோடு தொடர்புள்ள ஒரு ஜீனின் மாறுபாடு. "என் உடம்பு வாகே இதுதான்டா" என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த மாறுபாட்டை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அளவுக்குக் கூடுதல் எடை இருப்பது உண்மை. ஆனால் எட்டு ஆய்வுகளின் 9563 பேரைச் சேர்த்துப் பார்த்த 2016 அலசலில், அவர்களும் மற்றவர்களைப் போலவே இளைத்தார்கள். பணம் போனதைவிட, இதை அவளுக்கு யாரும் சொல்லாததுதான் எனக்கு வருத்தம்.

சரி, என்னுடையது ஏன் நிலைத்தது? ஒரே சட்டி. விடியற்காலை காசிமேடு போய் சங்கரா மீனோ கவலை மீனோ வாங்கி, அங்கேயே ஆய்ந்து எடுத்து வருவேன். அம்மா வைக்கும் குழம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். என் தட்டில் சோறு ஒரு கரண்டி, மீன் மூன்று துண்டு, பக்கத்தில் கீரை. அக்காவுக்கோ எண்ணெய் இல்லாமல் தனிச் சட்டி, தனித் தாளிப்பு. ஆபீஸ் முடிந்து ஏழரைக்கு வந்து இன்னொரு அடுப்பு பற்றவைக்க யாரால் முடியும்? பதினோரு மணிக்கே பசிக்கிறது என்பாள். எனக்கு மத்தியானம் வரை தாங்கியது. அந்த 609 பேருக்கும் முதல் எட்டு வாரம் நாளுக்கு 20 கிராம் கொழுப்பு அல்லது மாவுச்சத்து என்று இறக்கிவிட்டு, அப்புறம் தங்களால் தொடர்ந்து கடைப்பிடிக்க முடிகிற அளவுக்கு ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு அந்த அளவு மத்தியானம் ஒரு கரண்டி சோறு.

மீன் சாப்பிடாத வீட்டில் இது எப்படிப் போகும் என்பதற்கு என் அனுபவம் உதவாது. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

போன மாதத்திலிருந்து அக்காவும் அதே சட்டியில்தான் சாப்பிடுகிறாள். மேலே மிதக்கும் எண்ணெயை மட்டும் கரண்டியால் ஒதுக்கிவிட்டு ஊற்றிக்கொள்கிறாள்.