78,500 ரூபாய் போனது, பூஞ்சணம் போகேல்லை

நேற்றுப் பின்னேரம் அலுமாரியை இழுத்துப் பார்த்தால், பின்சுவரில திரும்பவும் கறுப்புப் புள்ளி. நிலத்தில இருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ற் கொப்புளம் கொப்புளமா எழும்பி நிக்குது. ஒரு கொப்புளத்தை நகத்தால தட்ட, உள்ளுக்கிருந்து உப்புத் தூளும் ஈரமும் கொட்டுண்டது. செப்டெம்பரில 78,500 ரூபாய் வாங்கிக்கொண்டு "பத்து வருசத்துக்கு வராது" எண்டு எழுதித் தந்த சுவர் இது. மாரி தொடங்கி மூண்டு கிழமை கூட ஆகேல்லை.

பேர் போடேல்லை. முகநூலில விளம்பரம் போட்டு, வானில வந்து, சுவர்க் கசிவும் பூஞ்சணமும் நிரந்தரமா நீக்கித் தாறம் எண்டு வேலை எடுக்கிற ஒரு கூட்டம். வன்னிப் பக்கம் இப்ப நல்லாச் சுத்துகினம்.

வந்தவர் முதலில காசுக் கதையே எடுக்கேல்லை. எங்கட பிள்ளைக்கு முட்டு வருத்தம் (ஆஸ்மா). அது எப்ப கூட, படுத்த உடனயா விடியப்புறமா எண்டுதான் கேட்டார். தலைமாட்டுச் சுவரில உள்ளங்கையை வச்சுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டார். பிறகு ரெண்டு ஊசி வச்ச சின்ன ஈரமானியைச் சுவரில குத்தினார். சிவப்பு லைற் எரிஞ்சு கீ எண்டு கத்தினது. அந்தச் சத்தத்தோட நம்பிக் காசைக் குடுத்தாச்சு.

அந்த மானி என்ன செய்யுது எண்டு முதலே தெரிஞ்சிருக்க வேணும். ஊசி ரெண்டுக்கும் இடையில மின்சாரம் எவ்வளவு சுகமாப் போகுது எண்டதைத்தான் அது அளக்கும். உப்பும் மின்சாரத்தைக் கடத்தும். அதால உப்புப் பூத்த இடத்தில குத்தினால், சுவர் ஓரளவு காய்ஞ்சிருந்தாலும் கத்தும். நேர்மையா அளக்கிறவர் நிலத்தில இருந்து ஒவ்வொரு அடிக்கும் ஒருக்கால் குத்தி எழுதுவார். கீழ கூடி மேல போகக் குறைஞ்சால் நிலத்து ஈரம். மேல கூடினால் கூரை ஒழுக்கு. நடுவில ஒரு இடத்தில மட்டும் எண்டால் குழாயைப் பார்க்க வேணும். இவர் குத்தினது ஒரே ஒரு இடம், அதுவும் உப்புப் பூத்த இடம்.

78,500 ரூபாய்க்குக் கணக்கு இப்பிடி. காற்றுப் பரிசோதனை 8,500, புகை அடிக்கிறது 20,000, மருந்துப் பெயின்ற் 50,000. "பரிசோதனை" எண்டது மேசையில ஒரு ஜெலித் தட்டைத் திறந்து வச்சு, மூண்டு நாளால அதில பூத்ததைப் படம் எடுத்து அனுப்பினது. எந்த வீட்டில திறந்து வச்சாலும் அந்தத் தட்டில பூக்கும், பூஞ்சண வித்து இல்லாத காத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஈர வீடுகளைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டியில, ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில முட்டும் சுவாச வருத்தங்களும் கூட எண்டு இருக்கு. ஆனால் இவ்வளவு வித்துக்கு மேல ஆபத்து எண்டு ஒரு அளவை அவையாலும் குறிக்க முடியேல்லை. பிறகெப்பிடி இவை "ஆபத்து நிலை" எண்டு சிவப்பு மையில அடிச்சுத் தருகினம்?

புகையும் அப்பிடித்தான். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை கிளப்பும். சுரண்டித் துடைச்சு வெளியில எடுத்தால்தான் அது போனது. இவை சுரண்டவேயில்லை, அதுக்கு மேலயே வெள்ளை அடிச்சவை. மணத்துக்கே நெஞ்சு இறுகிற பிள்ளை இருக்கிற வீட்டில, எலுமிச்சை மணம் போட்ட புகையும் அடைச்ச அறையில புதுப் பெயின்ற் மணமும். பிள்ளை பத்து நாள் விறாந்தையிலதான் படுத்தது.

உண்மையான காரணம் வெளியில கிடக்குது. 2018 டிசம்பரில இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்து வெள்ளம் வந்த பிறகு, இஞ்ச கனபேர் முற்றத்துக்குக் கிறவல் பரவி உயர்த்தினவை. உயர்த்தினது பிழையில்லை. கிறவல் சுவரோட முட்ட ஏறி, நிலத்து ஈரம் சுவரில ஏறாமல் தடுக்க அத்திவாரத்துக்கு மேல போட்ட டி.பி.சி படையை மூடினதுதான் பிழை. அந்தப் படைக்கு மேல மண் தொட்டால் சீமெந்துக் கல்லும் சாந்தும் விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சிற மாதிரித் தண்ணியை இழுக்கும், மூண்டடி வரைக்கும் ஏறும். உள்பக்கம் தண்ணி விடாத பெயின்ற் அடிச்சால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேல ஏறும், இல்லாட்டிப் பெயின்ற்றைத் தள்ளி உடைக்கும். செப்டெம்பரில ஒண்டும் தெரியாது, சுவர் வெயிலுக்குக் காய்ஞ்சிருக்கும். அதுதான் அவை அந்த நேரம் பார்த்து வாறது.

செய்ய வேண்டியது: சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்குக் கிறவலை வெட்டி, டி.பி.சிக்கு ஆறு அங்குலம் கீழ மண் நிக்கிற மாதிரி இறக்கி, தண்ணி வீட்டை விட்டு ஓடச் சரிவு வைக்கிறது. மாசிக்குப் பிறகு, ஈரம் ஏறின அடையாளத்துக்கு ஒரு அடி மேல வரைக்கும் உப்புப் பூச்சைக் கொத்திச் சுவரை மாதக் கணக்கில காய விட்டு, பிறகு புதுப் பூச்சு. கிறவல் வெட்ட ரெண்டு பேரின்ர ஒரு நாள் கூலி. நாங்கள் குடுத்தது 78,500.

போன் எடுத்தால் முதல் "அது காயேக்க அப்பிடித்தான் அக்கா". பிறகு "நீங்கள் யன்னலைப் பூட்டி வச்சிருப்பியள்". பிறகு "பொறுப்பானவர் கொழும்பில, வந்த உடன அனுப்புறம்". உத்தரவாதக் கடதாசியின்ர படத்தை அனுப்பினன். நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை. இண்டைக்குக் காலமை நம்பரையே தடுத்துப்போட்டினம். அந்தக் கடதாசியில விலாசமும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை. வாங்கேக்க பார்க்காதது எங்கட பிழைதான், அதுக்காக அவை செய்தது நியாயமாகாது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின்ர 1977 எண்ட நம்பருக்குப் போன் எடுத்தாச்சு, எழுத்திலயும் குடுக்கப் போறன்.

விவரமா எழுத நினைச்சன், கை நடுங்குது. அவசரமாச் சிலது:

ஆரையும் கூப்பிட முதல் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கோ. பின்பக்கம் நனைஞ்சால் ஈரம் சுவருக்குள்ள. முன்பக்கம் துளித்தால் காத்தில.

காய்ஞ்ச பூஞ்சணத்தைத் தும்புக்கட்டையால தட்டாதேங்கோ. சவர்க்காரத் தண்ணியால நனைச்சு, என்95 மாஸ்க் போட்டுத் துடையுங்கோ. முட்டுக்காரர் அந்த நேரம் வீட்டில நிக்க வேண்டாம். அஸ்பெஸ்ரஸ் சீற்றைச் சுரண்டவே கூடாது.

பிளீச்சோட கக்கூஸ் கழுவுற அசிட்டைக் கலக்காதேங்கோ, நஞ்சு வாயு வரும்.

ஈரம் எங்கயிருந்து வருகுது எண்டு சொல்லாதவனுக்கு முற்பணம் வேண்டாம்.

வெள்ளைச் சுவர், யன்னல் மூலையில பச்சைத் திரை. அந்தப் படத்தை "வேலைக்குப் பிறகு" எண்டு காட்டினால் நம்பாதேங்கோ. அது எங்கட சுவர், பெயின்ற் அடிச்ச அண்டைக்கே எடுத்த படம். இப்பவும் விளம்பரத்தில ஓடுது.